பேர் வராது என்று சொன்னோம்

ஜூலை 7, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். ஒரு வாரமாக மழை இல்லை. எஸ்டேட்டுச் செம்பனை மரத்து ஓலை எல்லாம் தூசி.

இன்று:
– ட்யூப்களுக்கு நம்பர் ஒட்ட (இருபது)
– புதுக் கத்தரிக்கோல் வாங்க. பழையதை அம்மா கருவாடு வெட்ட எடுத்துக்கொண்டாள், இனி கிடைக்காது
– தங்கை புஷ்பாவின் கிளினிக் கார்டைத் தேட
– மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்

மணியம் அண்ணனின் மீன் வேன் ஏழேகாலுக்கு வந்தது. ஹாரன் நாலு தரம். லயத்து வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து சூழ்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். மீனை வேனின் பின்பலகையில் கிடத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். பிறகு வால் பக்கம் நகம் அளவு சதை. ஆல்கஹால் ட்யூபில் போட்டு மூடி. அவ்வளவுதான் என் வேலை. இதற்கு ஒரு டிப்ளோமா படித்தேன் என்றால் அம்மா இன்னும் நம்பவில்லை.

மணியம் அண்ணன் சத்தமாக: "வந்துட்டாங்கலா ரத்த டெஸ்ட் டாக்டரு! எந்த மீனுக்கு ஜொரம்னு பாத்துச் சொல்லு தங்கச்சி."

அவருடைய வேன் நீலம். பின்பலகையில் அவரே மயில் வரைந்திருக்கிறார். மயில் என்று அவர் சொன்னால்தான் தெரியும். நாங்கள் கோழி என்போம். கோபித்துக்கொள்வார்.

இன்று எடுத்தது மூன்று, எல்லாம் பால் சுறா. பால் சுறா என்பது விற்கிற பேர். எஸ்டேட்டில் பிள்ளை பெற்ற எவளும் சுறாப் புட்டு தின்னாமல் இருந்ததில்லை, பால் ஊற வேண்டுமே. அதனால் குட்டிச் சுறாவுக்கு எப்போதும் ஆள் உண்டு. படகு வந்து மீன் இறங்குகிற ஜெட்டியிலேயே தலையை வெட்டி, தோலை உரித்து, வெள்ளை வெளேரென்று அனுப்பிவிடுகிறார்கள். அது எந்தச் சுறா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மரபணுவைப் படித்தால் தெரிந்துவிடும். கடையில் பார்கோடு அடிக்கிறார்களே, அது மாதிரி என்று புஷ்பாவுக்கு விளக்கினேன். "அப்ப மீனு பீப்புனு கத்துமா?" என்கிறாள். இவளுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் பிரசவம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, அதனால் தலைப்பிள்ளைக்கு எங்களோடு இருக்கிறாள்.

அவள் வயிற்றைப் பார்த்து மணியம் அண்ணன்: "பொறந்த ஒடனே ஒரு போன் போடு. நல்ல சுறாவா நானே கொண்டாந்துர்றேன்."

555 நோட்டில் எழுதியாகிவிட்டது. எந்த நம்பர் யாருடைய மீன் என்பது அந்தச் சின்ன நோட்டில் மட்டும். ட்யூபிலோ கம்ப்யூட்டரிலோ பேர் கிடையாது. சுமதி அக்கா போட்ட விதி. (ஆய்வகத்தில் டாக்டர் சுமதி, காரில் ஏறினால் அக்கா. இங்கே இனி சு.அ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.)

கிளினிக் கார்டு சாமி மேடைக்குப் பின்னால் கிடந்தது. யார் போட்டது என்று கேட்டால் ஆளில்லை.

ஜூலை 9, புதன்

மேகம், மழை இல்லை. கோலா சாவா தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து செம்பனைக் குலை எல்லாம் ரோட்டில். சிரம்பான் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர அரை மணி லேட்.

ரிசல்ட் வந்துவிட்டது! மணியம் அண்ணன் வேனில் போன மாதம் எடுத்தவை ஏழு. நாலு சாதாரணச் சுறா. ஒன்று சுறாவே இல்லை, திருக்கை. மீதி இரண்டும் கொம்பன் சுறா. தலை சுத்தியல் மாதிரி இருக்கும், மலாய்க்காரர்கள் யூ துக்குல் என்பார்கள். பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று பட்டியலில் இருக்கிற வகை. இரண்டும் என் முழங்கை நீளம்கூட இல்லை, பச்சைக் குட்டிகள். அது குட்டி போட வருகிற இடத்திலேயே யாரோ வலை விரிக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை வருஷம் மீன் நாற்றத்தோடு அலைந்தவளுக்குத்தான் அது புரியும்.

சு.அ. தோளைக் கட்டிக்கொண்டார். "கோமு, இது பெரிய விஷயம்மா. நம்ம ரெண்டு பேரும் சேந்து செஞ்சது." தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். நம்ம ரெண்டு பேரும் என்றதை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே மோட்டார் ஓட்டினேன்.

போன வருஷம் இதற்கு ஒரு மீன்காரரும் சம்மதிக்கவில்லை. மணியம் அண்ணன்கூட முதலில், "வேணாம் தங்கச்சி, நாளைக்கி ஆபீசர் வந்து நின்னா நான் என்னா செய்வேன்?" என்றார். சு.அ. அவரைப் பார்க்க நேராக எஸ்டேட்டுக்கே வந்தார். நல்ல சேலையோடு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் எஸ்டேட்டுப் புள்ளதான் அண்ணே. எங்கப்பா ரப்பர் பால் மரம் வெட்டுனவரு. ஒங்க பேரு எங்கயும் வராது. இது எம் பொறுப்பு." மணியம் அண்ணன் அப்படியே உருகிவிட்டார். நானும்தான். எஸ்டேட் ஆபீசில் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த என்னை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதும் சு.அ.தானே.

திட்டம் இதுதான். எந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், மீன்காரர்களையே வைத்து ஜெட்டியில் பேசுவது. தலையோடு அனுப்பச் சொல்வது. கொம்பனைப் பார்த்தால் வலையிலேயே திருப்பி விடச் சொல்வது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். கோவிலில் ஆடி மாதத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

மணியம் அண்ணனிடம் ரிசல்ட்டைச் சொல்லிவிட்டேன், சு.அ.விடம் கேட்டுவிட்டுத்தான். வியாபாரம் முடிந்து பெண்கள் போனபிறகு.

அவர் தராசைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"தலையில்லாம வருதுலா. மொண்டத்த மட்டும் பாத்து இன்னாரு புள்ளன்னு எப்பிடிச் சொல்றது?"

"ஒங்க மேல தப்பில்லண்ணே."

"எம் பொண்டாட்டிக்கு மூணு புள்ளைக்கும் இதத்தானே ஆக்கிப் போட்டேன். எத்தன கொம்பன் போச்சோ." பிறகு, "சரி. ஜெட்டி மொதலாளி தவுக்கேகிட்ட சொல்றேன். தலையோட குடு, இல்லாட்டி எனக்கு வேணாம்னு."

நான் கேட்கவே இல்லை. நோட்டீஸ் அடித்து, கூட்டம் போட்டு, ஆறு மாதம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மனிதர் மூன்று நிமிஷத்தில் முடிவெடுத்துவிட்டார்.

மத்தியானம் சு.அ. மீன் படங்கள் எல்லாவற்றையும் கேட்டார், 555 நோட்டையும். "ரிப்போர்ட்டுக்கு ஒரு தரம் சரி பாத்துர்றேன், ரெண்டு நாள்ல தரேன்." கொடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை.

ஜூலை 14, திங்கள்

சாயந்திரம் தூறல். துணி நனைந்தது.

இன்று சுறா தலையோடு வந்தது! மூன்றுதான். ஜெட்டியில் இரண்டு கூடை தலையில்லாமல் எடுத்து வைத்திருந்தார்களாம், மணியம் அண்ணன் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். அங்கே ஒரே சண்டையாம். பின்பலகையில் மீனை வைத்து எனக்கே பாடம் எடுத்தார். "இந்தா பாரு, உருண்ட மூக்கு. கண்ணு இங்கன இருக்கு. கொம்பனா இருந்தா கண்ணு ரெண்டு பக்கமும் கடைக்கோடில இருக்கும். சரியா?" சரி என்றேன். நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது, ஆனால் சொல்லவில்லை.

"பசார்ல அஞ்சு மீன்காரங்ககிட்டச் சொல்லிருக்கேன். நல்ல பொண்ணு, பேரு எழுதாது, பயப்படாதீங்கன்னு. நீ போயி டெஸ்ட் எடுத்துக்க."

அஞ்சு பேர்! ஒன்றரை வருஷத்தில் நான் பிடித்தது இரண்டு பேர்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தலைக்கும் சேத்து நிறுக்கிறான். தலைய என்னா கொழம்பா வைக்கிறது?"

சு.அ.வுக்கு மெசேஜ்: "அக்கா, வேலை செய்கிறது." ஒரு கட்டைவிரல் வந்தது. கோலாலம்பூரில் ஏதோ பெரிய கூட்டமாம், புதன்கிழமை பேசுகிறாராம். நோட்டு இன்னும் வரவில்லை.

புஷ்பாவுக்குப் பொய் வலி. காரை எடுக்க ஆள் கூப்பிட்டு, அவர் வருவதற்குள் வலி போய்விட்டது. ரொட்டி சானாய் வேண்டும் என்கிறாள்.

ஜூலை 16, புதன்

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் புஷ்பா ஃபோனில் வந்த ஒரு செய்தியை நீட்டினாள். "அக்கா, இது நம்ம மணியம் அண்ணன் வண்டிதானே?"

ஆமாம். நீலப் பலகை. மயில். மயிலின் கால்மாட்டில் தலையில்லாத குட்டி, பக்கத்தில் என் அளவுகோல். படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் நகம்கூட இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் மலாயில், தோட்டப்புறங்களில் ஒளித்து விற்கப்படும் அழிந்துவரும் சுறா என்று. கீழே கோலாலம்பூர் கூட்டத்தில் டாக்டர் பேசுகிற படம்.

ஒளித்து விற்கிறாராம்! நாலு தரம் ஹாரன் அடித்து விற்கிற மனிதர்.

அதற்கு ஆயிரம் பேர் கமென்ட் எழுதியிருக்கிறார்கள். "இந்தக் கோழி வண்டி ரெம்பாவ் பக்கம் வரும்" என்று ஒருவன். "எங்கள் தோட்டத்துக்கும் வரும்" என்று இன்னொருத்தி. அவள் யாரென்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு அவருடைய வேனில்தான் சிரம்பான் போய் வந்தாள்.

டாக்டரைக் கூப்பிட்டேன். ஏழு தரம். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: "இன்று பெரிய நாள். பிறகு பேசலாம்."

மணியம் அண்ணனைக் கூப்பிடக் கை வரவில்லை. இதுவும் எழுதிவைக்க வேண்டும்: நான் கூப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். அம்மா வாசலில் மஞ்சள் தண்ணி தெளித்தாள். வேன் வரவில்லை. பெண்கள் எட்டு மணி வரைக்கும் தட்டோடு நின்றுவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு லெட்சுமி அக்கா ஃபோன், மணியம் அண்ணனின் மனைவி. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"காலைல அஞ்சரைக்கு ஆபீசருங்க வந்தாங்க கோமதி. நாலு பேரு. வண்டிச் சாவி, மீனு போடற ஐஸ் தோங்கு, லைசன்ஸ், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அவரு மீனு வாங்கக்கூடப் போகல. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அவங்க கையில ஒரு சின்ன நோட்டு. அதுல இவரு பேரு, எந்தெந்த தேதி, எத்தன மீனு எல்லாம் இருக்கு. ஒன் எழுத்துதானே அது?"

"ஆமாக்கா."

"பேரு எழுத மாட்டேன்னு சொன்னியே."

எழுதியது உண்மை. யாருக்கும் காட்ட மாட்டேன் என்று நினைத்து எழுதியதும் உண்மை. அதைச் சொல்லப் பார்த்தேன், அவர் வைத்துவிட்டார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா இரண்டு தரம் கேட்டாள், மூன்றாம் தரம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆய்வகம். டாக்டர் சுமதி. இனி சு.அ. இல்லை.

மேசையில் பூங்கொத்து. நான் கேட்க நினைத்து வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனவை:
1. படம் எப்படி வெளியே போனது
2. நோட்டு எப்படி ஆபீசர்கள் கைக்குப் போனது
3. எனக்கு ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை

கேட்டது: "ஏன்க்கா?"

"ஏன்னா? கோமு, நான் என்னா சொன்னேன், பேரு வராதுன்னு சொன்னேன். ஸ்லைடுல பேரு இருக்கா? நல்லாப் பாரு. இல்ல."

"வண்டி இருக்குக்கா. மயிலு இருக்கு."

"அது நீ எடுத்த படம். நீதான் பலகை தெரியாம எடுத்துருக்கணும்."

அதில் உண்மை இருக்கிறது. ஒன்றரை வருஷம் அத்தனை படத்தையும் அந்தப் பலகையில் வைத்துத்தான் எடுத்தேன். மேடு, வெளிச்சம், கழுவ வசதி. மயிலைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அது கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

"நோட்டு?"

"எழுத்துல கேட்டாங்க, குடுத்தேன். கவர்மென்ட் கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியுமா? ஒனக்கு என்னாதான் வேணும்? சுறாவக் காப்பாத்தணுமா, மீன்காரனக் காப்பாத்தணுமா?"

மணியம் அண்ணன் மூலமாகத்தான் சுறாவைக் காப்பாற்ற ஆரம்பித்திருந்தோம் என்று சொன்னேன். திங்கள்கிழமை இரண்டு கூடையை மறுத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். "அது ஒரு ஆளு. இது நாடு பூரா பாக்குது," என்றார்.

பிறகு அந்தக் கூட்டத்து ஸ்லைடுகளை நானே கம்ப்யூட்டரில் பார்த்தேன். கடைசிப் பக்கம் நன்றி. ஆராய்ச்சிக்குப் படகு கொடுத்து உதவியவர்கள் பட்டியலில் ஒரு மீன் கம்பெனி. மணியம் அண்ணனுக்குத் தலை வெட்டி அனுப்புகிற அதே ஜெட்டி அவர்களுடையது. படகு ஏற்பாடு எல்லாம் டாக்டர் கையில், எனக்கு இதுவரைக்கும் தெரியாது. ஜெட்டியைப் பற்றி முப்பது ஸ்லைடில் ஒரு வரி இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். முதல் தடவையாக முகம் மாறியது. "அத நம்ம உள்ளுக்குள்ள பேசிக்கலாம். அவங்க இல்லாட்டி படகு இல்ல."

நான் கிளம்பும்போது ஒரு ஃபாரம் நீட்டினார். சாம்பிள் எடுத்தவர் வாக்குமூலம். இன்ன தேதி, இன்ன வண்டி, இன்ன ஆள் விற்ற மீன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு மட்டும் போதாதாம், எழுதியவள் சொல்ல வேண்டுமாம். "செவ்வாய்க்குள்ள குடுத்துரு. கான்ட்ராக்ட்டும் மாசக் கடைசில புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

மிரட்டுகிற மாதிரி இல்லை. ஏதோ மறந்துபோன சாமானை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னார். மீன் கூடையில் உட்கார்ந்தபோதும் இதே குரல்தான்.

ஜூலை 19, சனி

புஷ்பாவுக்குப் பெண் குழந்தை. சிரம்பான் ஆஸ்பத்திரி, காலை 9.40. மூன்று கிலோ சொச்சம். மூக்கு அப்பாவுடையது, அதாவது எங்கள் அப்பாவுடையது, பாவம்.

கையில் வாங்கியபோது எல்லாம் மறந்துபோனது. ஒரு பத்து நிமிஷம்.

வராந்தாவில் ஒரு கிழவர் யாரிடமோ ஃபோனில்: "கோழி வண்டிக்காரன புடிச்சிட்டாங்களாம். தடுத்த மீனாம். அவன்கிட்டத்தானே இத்தன நாளா வாங்கித் தின்னோம்!"

அம்மா மெதுவாக: "மணியத்துக்குப் போன் போட்டு சுறா கேக்கவா?" அப்புறம் அவளே, "வேணாம், வேணாம்," என்றாள்.

ஜூலை 21, திங்கள்

மழை. நல்ல மழை, ரெம்பாவ் வரைக்கும் நனைந்துகொண்டே போனேன். பசாரில் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, மணியம் அண்ணன் வீடு தெரியும். கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், கிரகப் பிரவேசத்துக்குப் போயிருக்கிறேன்.

மணியம் அண்ணன் வாசலுக்கு வந்தார். சட்டை போட்டிருந்தார். வீட்டில் அவரைச் சட்டையோடு நான் பார்த்ததில்லை.

"வாங்க. உக்காருங்க."

என்னை. வாங்க, உக்காருங்க. பாவாடை கட்டிய காலத்திலிருந்து வா தங்கச்சி, போ தங்கச்சி என்றவர். அறைந்திருக்கலாம்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டு, படம், டாக்டர், ஜெட்டி, ஃபாரம். லெட்சுமி அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார், வெளியே வரவில்லை. காப்பி வந்தது, கப்பும் சாசருமாக.

எல்லாம் கேட்டுவிட்டு, "கையெழுத்து போடாதீங்கன்னு நான் கேக்க மாட்டேன்மா. மீனு என் வண்டில இருந்துச்சி, அது நெசந்தானே? எனக்கு அது வருத்தமில்ல. பசார்ல அஞ்சு பேருக்கு நான் வாக்குக் குடுத்தேன். நல்ல பொண்ணுன்னு சொன்னேன். இப்ப அவனுங்க எம் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறானுங்க. 'நீதான் கூட்டியாந்து விட்ட'ன்னு கேக்கறானுங்க. நான் என்னா சொல்றது?"

நானும் அவரிடம் அதே கேள்வியோடுதான் வந்திருந்தேன். என் வாக்கை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, இப்போது அவள் ஏமாற்றினாள், அவள் ஏமாற்றினாள் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அவருக்கு நான்தான் அவள்.

ஜெட்டியில் இப்போது இன்னும் சின்னத் துண்டாக வெட்டிப் பிளாஸ்டிக்கில் போட்டு அனுப்புகிறார்களாம். எலும்பு, வால் எதுவும் இல்லாமல். "இனிமே நீங்களும் கண்டுபுடிக்க முடியாது." முடியும், துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மரபணு இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் துண்டை யார் கொடுப்பார்கள்?

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். கொடுத்ததைக் குடிக்காமல் வருவது இன்னும் மோசம்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் கொடுத்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. நேராக மீன்வள ஆபீசுக்குப் போய், வெள்ளைத் தாளில் நானே மலாயில் எழுதினேன். இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

எழுதியவை:
– மீன் அந்த வண்டியில் எடுத்ததுதான்
– தலையில்லாமல் வந்த மீன், விற்றவருக்கு வகை தெரிய வழியில்லை
– 11ஆம் தேதி நான் சொன்னபிறகுதான் அவருக்குத் தெரியும்
– 14ஆம் தேதி இரண்டு கூடையை மறுத்தார்
– பேர் வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் சாம்பிள் வாங்கினோம், கொடுத்தது டாக்டரும் நானும்
– மீன் வந்த ஜெட்டி எது என்று

ஆபீசர் இளவயது மலாய்க்காரர், நல்ல மாதிரி. அக்கா, அக்கா என்றே பேசினார். ஜெட்டி பேர் வந்த வரியில் மட்டும் பேனா நின்றது. "இது வேற செக்ஷன், அக்கா." நான் எடுக்க மாட்டேன், அந்த வரி இருக்கட்டும் என்றேன். சரி என்று முத்திரை குத்தினார்.

மூன்று மணிக்கு டாக்டர் ஃபோன். எப்படித் தெரிந்ததோ.

"நீ என்னா பண்ணிட்டு வந்துருக்க தெரியுமா? ஒன்ன அந்த எஸ்டேட் ஆபீஸ்லேருந்து தூக்கிட்டு வந்தது யாரு? சொல்லு."

"நீங்கதான் டாக்டர்."

டாக்டர் என்றதும் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபோனை வைத்துவிட்டார். நான் அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன், அதுதான் கேவலம். நாலு வருஷம் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. சைவம். அப்பாவுக்குப் படையல்.

ஈமெயில் வந்தது, மூன்று வரி. கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. சாவி, கோட்டு, ஆய்வக அட்டை திங்கள்கிழமைக்குள் ஒப்படைக்க.

ஃப்ரீசரில் இன்னும் என் கையால் நம்பர் ஒட்டிய பதினேழு ட்யூப் இருக்கிறது. மரபணு டெஸ்ட் ஓட்டவில்லை. அதில் எத்தனை கொம்பனோ. யாரும் ஓட்டப்போவதில்லை.

லெட்சுமி அக்கா அம்மாவுக்கு ஃபோன் போட்டிருக்கிறார், எனக்கு இல்லை. அண்ணனை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம். வேன், சாவி, தோங்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. என் இரண்டு பக்கத்தால்தானா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் இனி எங்கள் எஸ்டேட்டுக்கு வர மாட்டாராம். இந்தப் பக்கத்தை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். பின்பலகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டாராம்.

புஷ்பாவுக்குப் பால் பத்தவில்லை. குழந்தை நாளெல்லாம் கத்துகிறது. பூண்டு, வெந்தயம், முருங்கைக் கீரை, எல்லாம் கொடுத்தாயிற்று. சுறா வந்தால் சரியாகிவிடும் என்று அம்மா பிடிவாதம். தலையில்லாததை வாங்காதே என்று சொல்லிவைத்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 26, சனி

வெயில். குழந்தைக்கு முதல் தடவை தலைக்குத் தண்ணி ஊற்றினார்கள். 

எட்டு மணிக்கு ஹாரன். ஒரே தரம். வெள்ளை வேன், புது ஆள். அம்மா தட்டோடு முதலிலேயே போய்விட்டாள். குழந்தைத் துணியைக் காயப்போட நானும் வெளியே வந்தேன். கையில் கத்தரிக்கோல் இல்லை, ட்யூப் இல்லை. ஈரத்துணி மட்டும்.

அவர் என்னைப் பார்த்ததும் ஐஸ் தோங்கின் மூடியைப் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மெல்ல, "அந்தம்மாவா?" என்றார். அவள் குனிந்துகொண்டாள். எட்டு பத்துப் பேர், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், தட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. நான் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

அம்மா திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

"நீ உள்ள போ கோமு. நீ நின்னா அவரு குடுக்க மாட்டாரு. புள்ள பசியில கத்துது."

துணியைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தினபிறகு மூடி திறக்கிற சத்தம் கேட்டது.